பேச்சுக்கு வேலை, நாடகத்துக்குக் காது, இசைக்கு இருட்டு

கண் பார்வை போன பெரியவர் வீட்டில் இருந்தால், பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் தவறாமல் சொல்வது, "ஒரு ரேடியோ வாங்கிக் கொடுத்துடுங்க, அவருக்குப் பொழுது போயிடும்" என்பதுதான். வாங்கிக் கொடுப்பது சுலபம். அதற்கப்புறம் அந்தப் பெட்டியை எங்கே வைப்பது, எதைக் கேட்பது, எப்போது அணைப்பது என்று யாரும் சொல்வதில்லை. என் மாமனாருக்காக நான் பழகிக்கொண்டதை இங்கே எழுதுகிறேன். இதே நிலையில் இருக்கும் ஏதாவது ஒரு வீட்டுக்குப் பயன்பட்டால் போதும்.

எங்கள் வீடு மண்டபத்தில், வடகடல் பக்கம். மாமா பாய்மரப் படகுக் காலத்தில் மண்டாடியாக, அதாவது படகை நடத்தும் தலைவராக இருந்தவர். அறுபதைத் தாண்டியதும் சர்க்கரை நோய் அவர் கண்ணில் இறங்கிவிட்டது. லேசர் வைத்துப் பார்த்தும் நிழல் மட்டும்தான் மிச்சம். என் வீட்டுக்காரர் விசைப்படகில் போகிறவர். திங்கள், புதன், சனி கடலுக்குப் போகும் நாட்கள். பிள்ளைகள் வெளியூரில் விடுதியில் தங்கிப் படித்தார்கள். ஆக, அந்த நாட்களில் வீட்டில் நானும் மாமாவும்தான்.

ரேடியோ வந்த புதிதில் காலையில் போட்டால் இரவு படுக்கும்வரை ஓடிக்கொண்டே இருக்கும். மாமா பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். என்ன சொன்னார்கள் என்று கேட்டால் அவருக்குத் தெரியாது. ஒருநாள் ஒரு டாக்டர் பேசி முடித்து, அடுத்த பாட்டு ஆரம்பித்ததும், "தாயி, அதை அமத்தி வையி. அந்த மனுசன் சொன்னதைச் செத்த நேரம் நெனைக்க விடு" என்றார். அவர் அதைச் சொன்ன பிறகுதான் எனக்கு வழி பிடிபட்டது. நாள் முழுக்க ஓடுகிற ரேடியோவை யாரும் கேட்பதில்லை. எதைக் கேட்கப் போகிறோம் என்று முன்னாலேயே முடிவு செய்து, அதற்காகத் திறந்து, அது முடிந்ததும் அணைத்துவிட்டால்தான் கேட்டது மனதில் நிற்கிறது.

கஜா புயலுக்கு அடுத்து வந்த தை மாதம் அது. ஒரு சனிக்கிழமையை இதற்கென்றே ஒதுக்கினோம். ஆகாசவாணி திறப்பதிலிருந்து இரவு இசை முடியும்வரை, பேச்சு, நாடகம், இசை என்று பிரித்துக் கேட்பது. நடுவில் கட்டாயம் அணைப்பது. அன்று கற்றுக்கொண்டதை வைத்துத்தான் இன்றுவரை எங்கள் வீட்டில் ரேடியோ ஓடுகிறது.

முதலில் பெட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பாதிப் பேர் ரேடியோவைக் கைவிடுவது இரைச்சலால்தான். "இப்பல்லாம் ஸ்டேஷனே சரியா எடுக்கல" என்பார்கள். எங்கள் கடற்கரையில் எடுக்காமல் இருக்கக் காரணமே இல்லை. உப்புத்தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். அதனால் மத்திய அலை (மீடியம் வேவ்) நிலத்தைவிடக் கடல்மேல் தேயாமல் வெகுதூரம் வரும். தூத்துக்குடி நிலையம் 1053 கிலோஹெர்ட்ஸில் 200 கிலோவாட் சக்தியோடு ஒலிபரப்பியது. நடுவில் இருப்பது மன்னார் வளைகுடாத் தண்ணீர். பட்டப்பகலில்கூட அது எங்கள் வீட்டில் கணீரென்று கேட்டது. அந்தக் காலத்தில் இலங்கை வானொலி இந்தப் பக்கத்து வீடுகளில் சொந்த நாட்டு நிலையத்தைவிடத் துல்லியமாகக் கேட்டதற்கும் கடல்தான் காரணம்.

இரைச்சல் வருவது பெரும்பாலும் நம் வீட்டுக்குள்ளிருந்துதான். செல்போன் சார்ஜர், எல்இடி பல்பு, இன்வெர்ட்டர், டிவியின் செட்டாப் பாக்ஸ் எல்லாமே மத்திய அலையில் உறுமும். கண்டுபிடிக்கச் சுலபமான வழி ஒன்று உண்டு. நிலையம் இல்லாத இடத்தில் முள்ளை வைத்து, சத்தத்தைக் கூட்டி, பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வாருங்கள். எதன் பக்கம் போகும்போது உறுமல் கூடுகிறதோ அதுதான் ஆள். எங்கள் வீட்டில் அது வராந்தா பல்பு. அடாப்டரில் ஓட்டாமல் பேட்டரிக் கட்டை போட்டு ஓட்டினால் இன்னும் பாதி இரைச்சல் போய்விடும். தகரக் கூரையின் கீழே வைத்தால் அலை உள்ளே வரத் திணறும். திண்ணைக்குக் கொண்டுவந்தாலே வித்தியாசம் தெரியும்.

இன்னொன்று. மேலே இழுத்து நீட்டும் கம்பி பண்பலைக்கும் சிற்றலைக்கும்தான். மத்திய அலைக்கு அதை எவ்வளவு நீட்டினாலும் பலன் இல்லை. அதற்கு வேண்டிய ஏரியல் பெட்டிக்குள்ளேயே, ஒரு கரிய ஃபெரைட் தண்டில் கம்பி சுற்றி, நீளவாக்கில் படுத்திருக்கும். பெட்டியின் முகமோ முதுகோ நிலையம் இருக்கும் திசையைப் பார்த்தால் நன்றாக எடுக்கும். பக்கவாட்டு நுனி அந்தத் திசையைப் பார்த்தால் ஒலி மங்கிவிடும். வேறொரு நிலையம் ஊடே புகுந்து தொந்தரவு செய்தால், அந்தத் திசைக்கு நுனியைக் காட்டி அதை அடக்கவும் செய்யலாம்.

இதைச் சொன்னதும் மாமா பெட்டியைத் தன் மடியில் வாங்கிக்கொண்டார். திண்ணையில் முகத்தைக் கொஞ்சம் அப்படி இப்படித் திருப்பிப் பார்த்தார். "வடகிழக்கு வாடை வலது கன்னத்துல படுது. அப்ப வடக்கு நேரா இருக்கு. திருச்சி வடக்கே கொஞ்சம் மேக்காம இருக்கணும்" என்று சொல்லிக்கொண்டே பெட்டியைத் திருப்பினார். 936-இல் திருச்சி நின்றது. கண் தெரியாதவர் காற்றை வைத்துத் திசை பிடித்து நிலையத்தைக் கொண்டுவந்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அன்றிலிருந்து பெட்டியைத் திருப்புகிற வேலை அவருடையது. நான் தொடுவதில்லை. பெரியவர்களுக்கு ரேடியோ வாங்கும்போது தொட்டால் நிலையம் மாறுகிற டிஜிட்டல் பெட்டியை விட்டுவிட்டு, திருகும் குமிழ் உள்ளதாக வாங்குங்கள். வழக்கமாகக் கேட்கும் நிலையம் வரும் இடத்தில் குமிழின்மேல் நகப்பூச்சை இரண்டு மூன்று முறை சொட்டி மேடாக்கிவிட்டால் விரலே கண்டுபிடித்துவிடும்.

உப்புக்காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடலோரத்தில் ரேடியோவைக் கொல்வது அதுதான். பேட்டரி தொடும் ஸ்பிரிங்கில் பச்சை பூத்துவிடும். மாதம் ஒருமுறை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, உலர்ந்த துணியால் துடைத்துவிட வேண்டும். ரொம்ப நாள் போடாமல் வைப்பதாக இருந்தால் கட்டைகளைக் கழற்றிவிட வேண்டும். சத்தம் கூட்டும் குமிழ் கரகரத்தால், அணைத்துவிட்டு முன்னும் பின்னும் நாலைந்து முறை திருகினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

சரி, அந்தச் சனிக்கிழமைக்கு வருவோம்.

விடிவதற்கு முன்னாலேயே வீட்டுக்காரர் மீன்துறை டோக்கன் வாங்கிப் படகேறப் போய்விட்டார். ஆறு மணிக்குச் சற்று முன் நாங்கள் பெட்டியைத் திறந்தோம். ஆகாசவாணியின் அந்த முகப்பிசை. தம்புரா ஓடிக்கொண்டிருக்க, மேலே வயலின். சிவரஞ்சனி ராகச் சாயல். அதை அமைத்தவர் வால்டர் காஃப்மன். செக் தேசத்தில் பிறந்த யூதர், 1934-இல் பம்பாய்க்கு வந்து சேர்ந்து, அங்கே வானொலியின் இசைப் பிரிவில் வேலை பார்த்தவர். வீடு வாசலை விட்டு வந்த ஒருவர் போட்ட மெட்டில்தான் இத்தனை வருஷமாக நம் வீடுகளில் பொழுது விடிகிறது என்று மாமாவிடம் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அது முடியும்வரை பல் தேய்க்கப் போகாமல் உட்கார்ந்திருந்தார்.

வந்தே மாதரம், மங்கள இசை, அப்புறம் பக்திப் பாடல்கள். பக்தி இசையில் எனக்குப் பிடித்த வழக்கம், மூன்று மதத்துப் பாட்டுகளும் அடுத்தடுத்து வருவது. ராமேஸ்வரமும் ஏர்வாடி தர்காவும் தங்கச்சிமடத்து மாதா கோயிலும் ஒரே பஸ் தடத்துக்கு எட்டுகிற எங்கள் பக்கத்தில் அது வானொலிக்காரர்கள் செய்த ஏற்பாடாகவே தெரியாது. ஊர் அப்படித்தான் விடியும்.

ஏழு மணிக்கு முன்னால் சமஸ்கிருதச் செய்தி வரும். 1974-இல் தொடங்கிய ஒலிபரப்பு அது. ஒரு வார்த்தை எங்களுக்குப் புரியாது. ஆனால் பார்வை இல்லாதவருக்கு அது கடிகாரம். அது வந்தால் மாத்திரை நேரம். இது ரொம்ப முக்கியமான விஷயம் என்று எனக்குப் பின்னால்தான் தோன்றியது. கண் தெரியாதவர் ஒவ்வொரு தடவையும் "மணி என்ன?" என்று கேட்டுக்கொண்டே இருப்பதில் ஒரு கூச்சம் இருக்கிறது. நிகழ்ச்சிகள் நேரம் தவறாமல் வருகிற வானொலி அந்தக் கூச்சத்தைப் போக்கிவிடுகிறது. மாத்திரை, சாப்பாடு, நடை எல்லாவற்றையும் ஒவ்வொரு நிகழ்ச்சியோடு சேர்த்துக் கட்டிவிட்டோம். யாரும் நினைவூட்டாமலே அவர் கையை நீட்டுவார்.

தமிழ்ச் செய்தி கேட்கும்போது மாமா பழைய குரல்களைத் தேடுவார். டெல்லியிலிருந்து சரோஜ் நாராயண்சுவாமி வாசித்த காலத்தில் அந்தக் குரலைக் கேட்டுத்தான் வலை இழுக்கிற ஆட்கள் தேநீர்க் கடையிலிருந்து எழுந்திருப்பார்களாம். காலையில் செய்திகளை ஒட்டி அன்றைய நிகழ்ச்சிகளை அறிவிப்பார்கள். அதை அப்படியே நாட்காட்டித் தாளின் பின்புறம் எழுதிக்கொண்டேன். முன்பு ஆகாசவாணியே 'வானொலி' என்று ஒரு தமிழ் இதழ் நடத்தி, நிகழ்ச்சி நிரலை அச்சிட்டுக் கொடுத்தது. இப்போது அது இல்லை. நாமேதான் எழுதிக்கொள்ள வேண்டும். எழுதினால்தான் எதைக் கேட்பது, எதை விடுவது என்று முடிவு செய்ய முடியும்.

எழுதி முடித்ததும் அணைத்துவிட்டோம்.

முதல் பேச்சு காலை வெயில் ஏறிய பிறகு. பத்து நிமிஷ உரை, சிறுதானியம் பற்றி. கேட்பதற்கு முன்னால் மாமா கையில் வலையையும் நூல் ஊசியையும் கொடுத்தேன். பார்வை போன பிறகு அவர் வலை பொத்துவதையே விட்டிருந்தார். கண்ணிக்கு அளவு வைக்கும் பட்டை கையில் இருந்ததால் விரலே அளவு பார்த்துக்கொண்டது. நான் எதிரில் உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்தேன். பேச்சு முடிந்து அணைத்தபோது, அவர் அதில் வந்த மூன்று விஷயங்களை வரிசையாகச் சொன்னார். சும்மா உட்கார்ந்து கேட்ட நாட்களில் ஒன்றுகூடச் சொன்னதில்லை. கைக்குப் பழகிய வேலை இருந்தால் மனம் அலையாமல் பேச்சோடு நிற்கிறது. வேலை பழகியதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். புது வேலையைக் கொடுத்தால் கவனம் முழுக்க அங்கே போய்விடும்.

வானொலிப் பேச்சை எழுதுகிறவர்கள் நமக்குத் தெரியாமலே நிறைய உழைத்திருக்கிறார்கள். சின்ன வாக்கியம், ஒரு மூச்சில் சொல்லி முடிக்கக்கூடியது. எண்கள் குறைவு. முக்கியமானதை இரண்டு விதமாகச் சொல்வார்கள், ஏனென்றால் கேட்கிறவர் பக்கத்தைத் திருப்பிப் பார்க்க முடியாது. தென்கச்சி கோ. சுவாமிநாதனின் 'இன்று ஒரு தகவல்' கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது தெரியும். அவர் ஒரு கதையைச் சொல்லிவிட்டு, நாம் சிரிக்க நேரம் கொடுத்து, அப்புறம்தான் அடுத்த வரிக்குப் போவார். நேயரின் மனதுக்குள் நடப்பது தெரிந்து பேசியவர். நான் மாமாவுக்குப் பத்திரிகை வாசித்துக் காட்டும்போது இப்போதெல்லாம் அந்த முறையில்தான் வாசிக்கிறேன். நீள வாக்கியத்தை உடைத்து, பேரைச் சொன்னபின் கொஞ்சம் நிறுத்தி.

மதியம் சாப்பாட்டுக்குப் பின் பெட்டியைத் தொடவில்லை. தூங்கி எழுந்து மூன்று மணி வாக்கில் கொஞ்சம் திரைப்பாட்டு. பாட்டு ஓடும்போது மாமா இலங்கை வானொலிக் கதையைத் தொடங்கிவிட்டார். 1952-இல் தகவல் ஒலிபரப்பு மந்திரியாக வந்த பி.வி. கேஸ்கர் ஆகாசவாணியில் திரைப்பாட்டுக்கு இடம் கொடுக்கவில்லை. தேசம் முழுக்க நேயர்கள் கொழும்புப் பக்கம் முள்ளைத் திருப்பினார்கள். 1957 அக்டோபர் 3-இல் விவித பாரதி வந்தது அதற்குப் பதிலாகத்தான். ஆனாலும் எங்கள் கடற்கரை கொழும்பை விடவில்லை. மயில்வாகனம், கே.எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி.எச். அப்துல் ஹமீத் என்று மாமா சொந்தக்காரர்களை எண்ணுவதுபோல் பெயர்களைச் சொன்னார். அந்தக் காலத்தில் ரேடியோ வைத்திருக்கத் தபால் ஆபீசில் வருஷா வருஷம் லைசென்ஸ் கட்ட வேண்டும். அதனால் ஊரில் பலருக்கும் ரேடியோ என்றால் பஞ்சாயத்துக் கட்டடத்தில் குழாய் வைத்துக் கட்டிய ரேடியோதான். அதன் கீழே மணலில் உட்கார்ந்துதான் அவர் முதன்முதலில் நாடகம் கேட்டாராம்.

சாயங்காலச் செய்தியில் மீனவர்களுக்கான வானிலை அறிவிப்பு. அதுவரை கதை சொல்லிக்கொண்டிருந்தவர் கையை உயர்த்தி என்னை நிறுத்தினார். மகன் கடலில் இருக்கிறார். காற்றின் வேகம், எந்தத் திசை, மன்னார் வளைகுடாவுக்கா பாக் நீரிணைக்கா என்று மூன்றையும் கவனித்துக் கேட்டார். அன்று எச்சரிக்கை எதுவும் இல்லை. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோனபோது அவருக்குப் பதினாறு வயது. "பாம்பன்ல கூண்டு ஏத்துறதை நாம பாக்கப் போக முடியாது. ரேடியோ சொன்னாத்தான் நமக்குக் கூண்டு" என்றார். இப்போது பாம்பனில் மீனவர்களே நடத்தும் கடல் ஓசை 90.4 சமுதாய வானொலியும் இருக்கிறது. கடலுக்குப் போகிற ஆட்கள் வீட்டில் இரண்டையும் கேட்கப் பழக வேண்டும். புயல் நேரத்தில் செல்போன் கோபுரங்கள் சாய்ந்தாலும், பேட்டரி ரேடியோவில் தூரத்து நிலையம் கேட்டுக்கொண்டிருக்கும்.

இரவுச் சாப்பாட்டை நாடகத்துக்கு முன்னாலேயே முடித்துவிட்டேன். வேண்டுமென்றேதான் அப்படிச் செய்தேன். பேச்சுக்குக் கை வேலை உதவிய மாதிரி நாடகத்துக்கு உதவாது. பாத்திரம் தேய்த்துக்கொண்டே நாடகம் கேட்டுப் பாருங்கள். வசனம் காதில் விழும், ஆனால் யார் எங்கே நிற்கிறார்கள் என்பது தவறிவிடும். வானொலி நாடகத்தில் பாதிக் கதை அந்த 'எங்கே'யில்தான் இருக்கிறது.

பொழுது சாய்ந்த பிறகு தூரத்து நிலையங்கள் தெளிவாகிவிடும். பகலில் வானத்தில் உயரே உள்ள ஓர் அடுக்கு இந்த அலைகளை உறிஞ்சிவிடுகிறது. சூரியன் மறைந்ததும் அது கலைய, அதற்கும் மேலுள்ள அடுக்கில் பட்டு அலை திரும்பி வருகிறது. அன்று திருச்சி மிக நன்றாக எடுத்தது. நாடகம் ஒரு குடும்பத்தில் கிணற்றுப் பங்கு பற்றியது. நான்கே குரல்கள். அண்ணன், தம்பி, அண்ணன் மனைவி, தாய். அண்ணனும் தம்பியும் உரக்கச் சண்டை போடுகிறார்கள். தாய் எப்போதாவது ஒரு வார்த்தை சொல்கிறாள், அவ்வளவுதான்.

திடீரென்று மாமா என் கையைத் தட்டி, "அந்தக் கிழவி உள்ளே வரவே இல்ல, கவனிச்சியா? வாசப்படிக்கு வெளிய நின்னுக்கிட்டுத்தான் பேசுறா" என்றார்.

எனக்குத் தெரியவில்லை. காதைத் தீட்டிக் கேட்டேன். அவர் சொன்னது சரி. மகன்களின் குரல் முகத்துக்கு நேராக வருகிறது. தாயின் குரல் மட்டும் தள்ளி, மெலிதான எதிரொலியோடு வருகிறது. வானொலி நாடகத்தில் நடிகர்கள் மைக்கைச் சுற்றி நின்றுதான் பேசுவார்கள். கிட்ட நின்றால் பக்கத்தில் இருப்பதாக நமக்குப் படும். ஒரு எட்டு பின்னால் போய்ப் பேசினால் தூரம். முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசினால் போய்க்கொண்டிருக்கிறார். நடந்து வருவதைக் காட்ட, பேசியபடியே மைக்கை நோக்கி வருவார்கள். மேடையும் விளக்கும் ஒப்பனையும் செய்கிற வேலையை அந்த ஒரு எட்டுத் தூரம் செய்கிறது. அந்தத் தாய்க்கு அந்த வீட்டில் இடம் இல்லை என்று எந்த வசனமும் சொல்லவில்லை. நாடகத்தை நடத்தியவர் அவளை மைக்கிலிருந்து தள்ளி நிறுத்தியே அதைச் சொல்லிவிட்டார். கடைசிக் காட்சியில் அவள் குரல் முதல்முறையாகக் கிட்ட வந்தது. மூத்த மருமகள் கையைப் பிடித்து அழைத்து வருகிறாள் போல. மாமா, "வந்துட்டா" என்றார். அவர் குரல் உடைந்திருந்தது.

பார்வை உள்ள எனக்கு முதலில் கேட்காதது அவருக்குக் கேட்டது. வீட்டில் அவரை எல்லாரும் கைப்பிடித்து நடத்திக்கொண்டிருந்தோம். அன்று நாடகத்தில் அவர்தான் என்னை நடத்திப் போனார். பார்வை குறைந்தவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதனால்தான்: பாட்டைவிட நாடகம் போடுங்கள். ஒருவர் தனியாகக் கேட்க விடாதீர்கள், கூட உட்காருங்கள். நடுவில் பேசாதீர்கள். முடிந்ததும் அணைத்துவிட்டு, யார் எங்கே நின்றார்கள் என்று பேசிப் பாருங்கள். நாங்கள் அன்று முக்கால் மணி நேரம் பேசியிருப்போம். இளைய மகன் குடித்திருந்தான் என்று மாமா சத்தியம் செய்தார். டம்ளர் சத்தத்தை வைத்துச் சொன்னார்.

கடைசியாக இசை. சனிக்கிழமை இரவின் தேசிய இசை நிகழ்ச்சி 1952-இல் தொடங்கியது. இந்துஸ்தானியும் கர்நாடகமும் மாறி மாறி, எந்த ஊரிலிருந்தாலும் எல்லா நிலையங்களும் ஒரே நேரத்தில் அஞ்சல் செய்யும். டிக்கெட் வாங்கிச் சபாவுக்குப் போக வழியில்லாத எத்தனையோ ஊர்களுக்குப் பெரிய வித்வான்களின் வாசிப்பு இப்படித்தான் போய்ச் சேர்ந்தது. ஒருவர் வானொலியில் பாட வேண்டுமென்றால் குரல் தேர்வில் தேறித் தரம் வாங்க வேண்டும். பி, பி-ஹை, ஏ, டாப் என்று படிகள். மாமாவுக்கு ராகம் தாளம் ஒன்றும் தெரியாது. எனக்கும் பள்ளியில் கற்ற நாலு கீதம்தான்.

அன்று வீணை. விளக்குகளை அணைத்தேன். இரைச்சல் போக மட்டுமல்ல; வெளிச்சம் இருந்தால் என் கண் சமையலறையைத் தேடும், நாளைக்கு என்ன குழம்பு என்று போய்விடும். இருட்டில் நானும் மாமாவும் ஒரே நிலை. ஆரம்பிப்பதற்கு முன் அவரிடம் ஒன்றே ஒன்றைச் சொல்லி வைத்தேன்: முதலில் ராகம், தாளம் இருக்காது, அப்புறம் தானம், அப்புறம் மிருதங்கம் சேர்ந்து பல்லவி. இதற்கு மேல் இசை தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். எது முடிந்து எது வரப்போகிறது என்று தெரிந்தால் மனம் காத்திருக்கும். தெரியாவிட்டால் அலுத்துவிடும்.

ராகம் ஓடும்போது மாமா அசையவில்லை. தானம் ஆரம்பித்தது. மிருதங்கம் இல்லாமலே வீணையில் துள்ளல் வந்தது. அவர் விரல் திண்ணையில் தட்டத் தொடங்கியது. "தாளம் இல்லைன்னியே. இதுல துடுப்பு விழுகுதே" என்றார். அவர் சொன்னது எவ்வளவு சரி என்று பிறகு ஓர் இசை ஆசிரியையிடம் கேட்டபோது தெரிந்தது. தானத்துக்குக் கட்டப்பட்ட தாளம் கிடையாது. ஆனால் உள்ளே ஒரு நடை ஓடிக்கொண்டே இருக்கும். அதுதான் தானத்தின் இலக்கணமே. அம்பாப் பாட்டு பாடி வலை இழுத்த கைக்கு அது தானாகவே பிடிபட்டுவிட்டது.

நிகழ்ச்சி முடிவதற்குள் அலை இரண்டு மூன்று முறை மங்கி மீண்டது. இரவில் தரைவழி வரும் அலையும் வானில் பட்டு வரும் அலையும் ஒன்றோடொன்று மோதுவதால் அப்படி ஆகும். பெட்டியின் குறை இல்லை. அரை நிமிஷம் பொறுத்தால் சரியாகிவிடும். பலர் அந்த நேரத்தில் குமிழைத் திருகி நிலையத்தையே தொலைத்துவிடுவார்கள்.

இப்போது செல்போனில் நியூஸ் ஆன் ஏர் செயலி இருக்கிறது. எந்த ஊர் ஆகாசவாணியையும் இரைச்சல் இல்லாமல் கேட்கலாம். வெளியூர் நாடகங்களுக்கு நானும் அதைத்தான் போடுகிறேன். ஆனால் அதில் ஒலி சற்றுப் பிந்தி வரும், அதனால் கடிகாரமாக நம்ப முடியாது. டவர் போனால் அதுவும் போய்விடும். வழவழப்பான திரையில் விரலால் தேடி நிலையம் பிடிப்பதும் கண் தெரியாதவருக்கு ஆகாது. அதனால் திருகும் குமிழ் உள்ள ஒரு பேட்டரிப் பெட்டி வீட்டில் கட்டாயம் இருக்கட்டும். பொழுது விடிவது முதல் நாடகம்வரை எங்கள் வீட்டில் இன்னும் அதில்தான்.

கேட்டதோடு நிற்காமல் நிலையத்துக்கு ஒரு கார்டு போடுங்கள். ஐம்பது காசுதான். நேயர் கடிதம் வந்தால்தான் எந்த நிகழ்ச்சியைத் தொடர்வது என்று அவர்களுக்கும் தெரியும். நாடகம் போன்ற செலவும் உழைப்பும் பிடிக்கிற நிகழ்ச்சிகளுக்கு அது ரொம்ப அவசியம். நிலைய இயக்குநருக்கு என்று எழுதி, நிகழ்ச்சியின் பெயர், தேதி, நேரம், எந்த அலைவரிசையில் கேட்டீர்கள், எப்படி எடுத்தது என்று குறிப்பிடுங்கள். "நன்றாக இருந்தது" என்று மட்டும் எழுதாமல், நன்றாக இருந்த ஓர் இடத்தைச் சொல்லுங்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரர் கடலிலிருந்து திரும்பி, குளித்துச் சாப்பிட்டு உறங்கப் போன பிறகு, மாமா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். தாயாக நடித்த அம்மாவுக்கு வணக்கம் என்று ஆரம்பித்தார். அவர் வாசலுக்கு வெளியே நின்று பேசியது மண்டபத்தில் எங்கள் திண்ணைவரை கேட்டது என்று எழுதச் சொன்னார். அப்புறம், இளையவன் குடித்திருந்தானா இல்லையா என்பதையும் தயவுசெய்து தெரிவிக்கும்படி கேட்டுக்கொண்டார்.